கரைவாகுக் கணக்குகள் – 11: கோடு இழுத்துக் கேட்டவர்களும் எழுதிக் கேட்டவர்களும்

சென்ற அத்தியாயத்தை விதானையாரின் பங்கீட்டு அட்டைப் பதிவேட்டோடு நிறுத்தியிருந்தோம். தடித்த கொப்பி ஒன்று, அதை எழுதிய மனிதர் ஒருவர், கொப்பியில் இல்லாததை நிரப்ப அவருடைய ஞாபகம். எந்த வளவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது, எந்த மகளுக்கு எந்த வீடு சீதனமாகப் போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ஏற்பாடு 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினத்தன்று காலையில் கடலோடு போனது.

சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இங்கே ஏழு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. அதன் பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பொத்துவில் வரை கரை சிதறிக்கிடந்தது. நாடு முழுவதும் 35,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் 10,000-க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிரை இழக்கவில்லை.

மையித்துகளை அடக்கி முடிக்கும் முன்பே பட்டியல் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பிரதேச செயலகம் ஒரு பட்டியல் கேட்டது, கச்சேரி இன்னொன்று, பள்ளிவாசல் நிர்வாகம் தனக்கென ஒன்று. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் படிவத்தோடு வந்து இறங்கியது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் பாதிக்கப்பட்ட 13 கரையோர மாவட்டங்களிலும் கட்டடங்களையும் மக்களையும் கிராம சேவகர் பிரிவு வாரியாக எண்ணியது. முகாமில் இருந்தவர்கள் ஒரே பெயரை ஒரு வாரத்தில் பல பேரிடம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு விதமாக எழுதிக்கொண்டு போனார்கள்.

பட்டியல் எழுதுவது ஒரு வேலை. அதனிடம் கேள்வி கேட்பது வேறு வேலை. இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது.

அரசாங்கம் அறிவித்த உதவிகளை முதலில் பார்ப்போம். வாராந்த நிவாரணம் ஆளுக்கு 375 ரூபாய்: 200 காசாக, 175 பொருளாக. மாதாந்தக் கொடுப்பனவு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். ஈமக்கிரியைச் செலவுக்கு இறந்தவர் ஒருவருக்கு 15,000 ரூபாய். முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000, பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000. இந்த நான்கையும் எண்ணும் அலகு ஒன்றல்ல. முதலாவது தலைக்கணக்கு, இரண்டாவது குடும்பக்கணக்கு, மூன்றாவது மையித்துக்கணக்கு, நான்காவது கூரைக்கணக்கு. ஒரே எக்செல் தாளில் குடும்பத்துக்கு ஒரு நிரை என்று எழுதிக்கொண்டு போனவர்கள் இரண்டாவது வாரத்திலேயே இடம் தெரியாமல் நின்றிருப்பார்கள். ஒரு நிரைக்குள் ஆறு உயிரையும் இரண்டு மையித்தையும் எப்படி அடக்குவது?

இதற்கு விடை 1970-லேயே வந்துவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் இருந்த எட்கார் கொட், தரவைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, பொது இலக்கம் ஒன்றால் தொடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். குடும்பத்துக்கு ஓர் அட்டவணை, அங்கத்தவருக்கு ஒன்று, இறந்தவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. நான்கிலும் குடும்ப இலக்கம். ஆனால் அவர் அதைக் கணித மொழியில் எழுதியிருந்தார். கணிதம் தெரியாதவர் அந்த அட்டவணைகளிடம் எப்படிக் கேட்பது என்ற இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிந்தது.

ஒரு வழியை டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் 1974-இல் திறந்தார்கள். ஆங்கில வாக்கியம் போலத் தோன்றும் கட்டளை மொழி அது. முதலில் சீக்குவெல் என்று பெயர், பிறகு எஸ்.கியூ.எல். ஆனது. இன்று அதை நிரலாளரின் மொழி என்கிறோம். அவர்கள் மனத்தில் இருந்ததோ கணக்காளர், பொறியியலாளர், கட்டடக் கலைஞர், நகரத் திட்டமிடுபவர். கணினித் தொழிலுக்கு வராதவர்களுக்காகவே அதை ஆக்கினார்கள். பொய்ஸ் அதே ஆண்டில், முப்பது வயதாகும் முன்பே காலமானார். தான் ஆக்கிய மொழி உலகை ஆள்வதை அவர் பார்க்கவில்லை.

மற்ற வழி, அதே நிறுவனத்தின் நியூயோர்க் மாநில ஆய்வுகூடத்தில் இருந்த மோஷே ஸ்லூஃபுடையது. 1975-இல் அவர் முன்வைத்த முறையில் எழுதவே வேண்டாம். திரையில் வெறும் அட்டவணைச் சட்டகம் ஒன்று வரும். எந்த நிரல் வேண்டுமோ அதில் ஓர் அடையாளம், எந்த நிரலில் நிபந்தனையோ அதில் ஓர் உதாரணப் பெறுமதி. மாதிரியைக் காட்டினால் அதைப் போன்றதை எல்லாம் இயந்திரம் தேடித் தரும். நிரலாக்கம் தெரியாத 39 பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சியில் அவர்கள் வியக்கத்தக்க அளவுக்குத் தேறினார்கள். வாய்மொழிக் கேள்வியை அட்டவணைக் கேள்வியாக மாற்றும் சில இடங்களில் இடறினார்கள் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. அந்த இடறல் இன்று வரை தீரவில்லை.

ஸ்லூஃபின் சட்டகம் 1985-இல் பரடொக்ஸ் என்ற மென்பொருளாக மேசைக் கணினிக்கு வந்தது. 1992 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் அக்சஸ் வந்தபோது அது வீட்டுப் பொருளாகிவிட்டது. தட்டெழுத்துக் கற்ற எழுதுவினைஞர் கணினிப் பாடநெறிக்குப் போனால் வேர்ட், எக்செல், அக்சஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்த காலம். எழுதிக் கேட்பது பல்கலைக்கழக வேலை, கோடு இழுத்துக் கேட்பது அலுவலக வேலை என்ற பிரிவு அப்படித்தான் ஊறியது.

அக்சஸில் வினவல் வடிவமைக்கும் திரையைத் திறந்தால் மேல்பாதியில் அட்டவணைகள் பெட்டிகளாக நிற்கும், கீழ்ப்பாதியில் கட்டங்கள். நிரலின் பெயரைப் பிடித்து இழுத்துக் கட்டத்தில் போட்டால் போதும். இரு அட்டவணைகளிலும் குடும்ப இலக்கம் ஒரே பெயரில் இருந்து, ஒன்றில் அது முதன்மைச் சாவியாகவும் இருந்தால், கேட்காமலே அவற்றுக்கிடையில் கோடு விழும். எழுத்துப்பிழை வர வழியில்லை. மாலைக்குள் பட்டியல் அனுப்பவேண்டிய ஒருவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. இதை இளக்காரமாகப் பேசும் கணினிப் பட்டதாரிகளை எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு குணம் உண்டு. உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுப்போம்: உயிரோடு ஆறு பேர், மௌத்தானவர் இருவர். அவர்களுக்குரிய ஒரு வார நிவாரணம் 2,250 ரூபாய், மாதக் கொடுப்பனவு 5,000, ஈமச்செலவு 30,000. குடும்பம், அங்கத்தவர், இறந்தவர் என மூன்று பெட்டிகளையும் திரைக்குக் கொண்டுவந்து, கோடுகள் தாமாக விழுந்ததும், கூட்டல் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒவ்வோர் அங்கத்தவரும் ஒவ்வோர் இறந்தவரோடும் சோடி சேர்ந்து 12 நிரைகள் பிறக்கும். நிவாரணம் 4,500 ஆகும், மாதக் கொடுப்பனவு 60,000 ஆகும், ஈமச்செலவு 180,000 ஆகும். யாரும் களவெடுக்கவில்லை, கூட்டலும் பிழையில்லை. கேள்விதான் பிழை.

அதே திரையில் இறப்பே இல்லாத குடும்பம் ஒன்றும் இருந்தால் அது பட்டியலிலேயே வராது. தானாக விழும் கோடு இரு பக்கமும் ஆள் இருந்தால்தான் நிரையைத் தரும். இறந்தவர் அட்டவணையில் அந்தக் குடும்ப இலக்கம் இல்லையென்றால் ஆறு உயிரும் கணக்கில் இல்லை. கோட்டை இருமுறை அழுத்தினால் 1, 2, 3 என்று மூன்று தெரிவுகள் கொண்ட சிறு பெட்டி திறக்கும். இரண்டாவதையோ மூன்றாவதையோ எடுத்தால் ஒரு பக்கத்து நிரைகள் எல்லாம் தப்பும். அந்தப் பெட்டி இருப்பதை அறியாமலே பல ஆண்டுகள் அக்சஸ் பாவித்தவர்கள் உண்டு.

எழுதிக் கேட்பவருக்கும் இந்தக் குழி உண்டு, அவரும் விழுவார். ஆனால் இன்னர் ஜொயினா லெஃப்ட் ஜொயினா என்று அவர் ஏதோ ஒன்றைத் தன் கையால் எழுதியாக வேண்டும். எழுதும்போது ஒரு கணம் நிற்பார். வெறும் ஜொயின் என்று எழுதிவிட்டுப் போகிறவரும் பிறகு வாசிக்கிறவருக்கு ஒரு தடயம் விட்டுப்போகிறார். கோடு இழுத்தவர் விட்டுச்செல்வது ஒரு படம். அதை அச்சடித்துக் கோப்பில் வைப்பாரும் இல்லை, கணக்காய்வுக்கு வருகிறவர் கேட்பதும் இல்லை.

சரியான வழி என்ன? அங்கத்தவரைத் தனியே எண்ணு, இறந்தவரைத் தனியே எண்ணு, வந்த இரண்டு தொகைகளையும் பிறகு குடும்பத்தோடு சேர். எழுதுகிறவர் இதை ஒரே கட்டளைக்குள் அடுக்கிவிடுவார். கட்டத்திலும் முடியும், இரண்டு வினவல்களைச் செய்து சேமித்து, அவற்றின் மேல் மூன்றாவதைக் கட்டவேண்டும். அப்படிக் கட்டிய கோப்புகளைத் திறந்தால் வினவல் 1, வினவல் 4, ‘புதிது’, ‘கடைசி’, ‘கடைசி சரியானது’ என்று வரிசையாக நிற்கும். எதன் மேல் எது நிற்கிறது என்பது செய்தவருக்கே தெரியும், அவர் இடமாற்றம் பெற்றுப் போகும் வரை.

அக்சஸ் திரையிலேயே எஸ்.கியூ.எல். காட்சி என்று ஒரு பொத்தான் உண்டு. கோடு இழுத்துச் செய்ததை எல்லாம் அது வாக்கியமாக எழுதிக் காட்டும். அடைப்புக்குறிகளை அள்ளிக் கொட்டியிருக்கும், வாசிக்கக் கண் வலிக்கும், என்றாலும் உண்மை அங்கே இருக்கும். பணம் கொடுக்கும் எந்தப் பட்டியலையும் அந்தக் காட்சியைப் பார்க்காமல் கையொப்பத்துக்கு அனுப்பக்கூடாது என்பது என் கட்சி.

வெற்றிடத்தின் கதையும் இங்கேயே வருகிறது. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள். தெற்கில் அது 100 மீற்றர். தூரம் என்ற நிரலின் கீழ், நிபந்தனைக் கட்டத்தில் ‘200-க்குக் குறைவு’ என்று போட்டால் இடம்பெயர வேண்டிய வீடுகள் வரும். ‘200 அல்லது அதற்கு மேல்’ என்று போட்டால் இருந்த இடத்திலேயே கட்டக்கூடியவை வரும். இரண்டையும் கூட்டினால் மொத்தம் வராது. அளவுநாடா போகாத வீட்டுக்குத் தூரம் வெற்றாக இருக்கும். வெற்று குறைவும் அல்ல, கூடவும் அல்ல, எதற்கும் சமமும் அல்ல. அந்த வீட்டார் இரு பட்டியலிலும் இல்லை. கோடு இழுத்தாலும் எழுதினாலும் இதே விடைதான். ‘தூரம் வெற்றாக உள்ளவை’ என்று மூன்றாவது கேள்வியைக் கேட்க ஒருவருக்குத் தோன்றவேண்டும். விதானையாரின் கொப்பியில் வெற்றுக் கட்டம் கண்ணில் குத்தும். கணினியில் அது கண்ணுக்கே வராது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். இந்தக் கரையின் பெயர்கள் எந்தக் கணினியையும் திணறடிக்கும். உதுமாலெவ்வை, அகமதுலெவ்வை, மீராலெவ்வை, இஸ்மாலெவ்வை எல்லாம் யூ.எல்., ஏ.எல்., எம்.எல்., ஐ.எல். என்று முதலெழுத்தாகச் சுருங்கும். அதன் பின்னால் முகம்மதுக்காக ஓர் எம். சேரும். ஏ.எல்.எம். என்று தொடங்கும் பெயர் ஒரே தெருவில் எத்தனை இருக்கும் என்று இந்த ஊர்த் தபால்காரருக்குத்தான் தெரியும். அதே லெவ்வையை ஒருவர் லெப்பை என்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் ஒரு விதம், பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு விதம், கட்டார் போன பாஸ்போட்டில் வேறு விதம்.

அக்சஸில் இரட்டைப் பதிவைத் தேடித் தர ஓர் உதவிக் கருவி உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் அது பிடிக்கும். ஒலியை வைத்துத் தேடவேண்டுமானால் எழுதத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1918-இல் ரொபர்ட் ரசல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை இருக்கிறது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு, மிச்ச மெய்யெழுத்துகளை இலக்கமாக்கும். அந்த விதிப்படி லெப்பையும் லெவ்வையும் ஒரே எல்-100. வெற்றிதான். ஆனால் மொஹமட், முஹம்மது, மஹ்மூத் மூன்றும் எம்-530! பாதிப் பேர் முகம்மதாக இருக்கும் ஊரில் இந்த வலையை வீசினால் ஊரே வந்து விழும்.

பெயரைத் தமிழிலேயே எழுதியிருந்தால் தப்பியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அப்போது நம்மிடம் இருந்தது பாமினி எழுத்துரு. கல்யாண அழைப்பிதழிலிருந்து மீலாத் மலர் வரை இங்கே பாமினியில்தான் அச்சானது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். சிறிய ஈ ந, பெரிய ஈ நு. சிறிய எஃப் க, பெரிய எஃப் கு. சிறிய கே ம, பெரிய கே மு. மெய்யெழுத்தின் புள்ளியோ ஓர் அரைப்புள்ளி.

அக்சஸ் ஒப்பிடும்போது சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று வேற்றுமை பார்க்காது. ஆகவே பாமினியில் பதிந்த நஸ்ரத்தும் நுஸ்ரத்தும் அதற்கு ஒரே ஆள். இரட்டைப் பதிவென்று ஒருவரை நீக்கிவிட்டால் ஒரு குடும்பத்தின் அரிசி போச்சு. மைஎஸ்கியூஎல்லும் இயல்பாக இப்படித்தான் நடந்துகொண்டது. அதை ஆக்கியவர்கள் ஸ்வீடனில் இருந்ததால் அதன் இயல்பான ஒப்பீட்டு முறையே ஸ்வீடிஷ் மொழிக்கானது. சாய்ந்தமருதுப் பெயர்களை ஸ்வீடிஷ் அகரவரிசையில் அடுக்கிய காலம் அது! எழுதத் தெரிந்தவர் ‘பைனரி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து இயந்திரத்தை எழுத்துப் பிசகாமல் பார்க்கவைத்தார். கோடு இழுப்பவரும் கட்டத்துக்குள் ஸ்ட்ர்கொம்ப் என்ற சார்பைத் தட்டிச் சமாளிக்கலாம். ஆனால் கட்டத்துக்குள் சூத்திரம் தட்டத் தொடங்கிய அந்த நிமிடமே அவரும் எழுதுகிற கட்சிக்கு வந்துவிட்டார். கணினித் தமிழுக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 1326 வெளியானது 2008-இல். அதற்குள் நிவாரணக் கொடுப்பனவுகள் முடிந்து, முகாம்களும் பெரும்பாலும் கலைந்திருந்தன.

கொழும்பில் வேறொன்று நடந்தது. சுனாமிக்கு அடுத்த நாட்களில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தொண்டர்கள் சில வாரங்களுக்குள் சஹானா என்ற மென்பொருளைக் கட்டினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, தொண்டு நிறுவனப் பதிவு, உதவிக் கோரிக்கை என்று தனித்தனிப் பகுதிகள். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத நாட்களில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. இது கோடு இழுப்பதும் அல்ல, எழுதுவதும் அல்ல, மூன்றாவது வழி. கேள்வியை நிரலாளர் ஒருவர் ஏற்கெனவே எழுதி ஒரு பொத்தானுக்குப் பின்னால் வைத்துவிட்டார். முகாமில் இருப்பவர் பெயரைத் தட்டித் தேடு என்றால் போதும். அந்த நிரலாளர் நினைக்காத கேள்வியை மட்டும் அங்கே கேட்க முடியாது.

ஆனால் சஹானா திறந்த மூல மென்பொருள். பொத்தானுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து வாசிக்கலாம், திருத்தலாம். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010-இல் ஹெய்ட்டி என்று அது ஊர் ஊராகப் போனது அதனால்தான். சமூக நலனுக்கான கட்டற்ற மென்பொருள் விருது 2006-ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. இந்தத் தீவின் கடற்கரைத் துயரத்திலிருந்து உலகத்துக்குப் போன மென்பொருள் இது. நமது பாடசாலைகளில் இதன் பெயரைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் குறைவு என்பது எனக்கு மனத்தாங்கல்.

கோட்டாலும் எழுத்தாலும் தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. நமது பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். கிழக்கின் தமிழரிடமும் இதே வழக்கம்தான். சுனாமிக்குப் பின் வந்த படிவங்களில் இருந்ததோ ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு நிரல். அதில் ஆணின் பெயர் விழுந்தது. புதிய வீட்டின் உறுதி அந்த நிரலைப் பார்த்தே எழுதப்படும்போது, உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு அலை போன வழியே மருமகன் பெயருக்கு மாறியது. ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஒரே வளவில் ராத்தாவும் தங்கச்சியும் அடுத்தடுத்து வீடு கொண்டிருந்த இடங்களில், வளவுக்கு ஒரு வீடா, அடுப்புக்கு ஒரு வீடா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. எழுதப்படாத நிரலை எந்த வினவலும் தேடித் தராது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் எழுந்த 500 வீடுகள் யாருக்கு என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்ததும் பட்டியலில் யார் என்ற கேள்வியால்தான். அந்த வழக்குக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

சிறு விடயம் ஒன்று. சாய்ந்தமருதில் 17 கிராம சேவகர் பிரிவுகள். இலக்கத்தை எழுத்தாகப் பதிந்துவிட்டு வரிசைப்படுத்தினால் 1-க்குப் பின் 10 வரும், 17 வரை போய்ப் பிறகுதான் 2 வரும். 01, 02 என்று இரண்டு இலக்கமாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பழைய பட்டியல்களைப் பார்க்கிறவர்கள் சாய்ந்தமருது 2 எங்கே என்று பதறவேண்டாம், கீழே இருக்கும்.

இன்று சாதாரண தரத்துப் பிள்ளை தகவல் தொழினுட்பப் பாடத்தில் வினவலைக் கட்டத்தில் இழுத்துப் போட்டுப் பழகுகிறது. உயர்தரத்துக்குப் போனதும் எஸ்.கியூ.எல். எழுதுகிறது, அதுவும் பரீட்சை மண்டபத்தில் பேனாவால். கேள்வி தமிழில் இருக்கும், கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும், பிழையைச் சிவப்பில் காட்ட இயந்திரம் இருக்காது. நான்கு அட்டவணைகளைத் தந்து மொத்தத் தொகை கேட்டால், எதைத் தனியே எண்ணி எதைப் பிறகு சேர்ப்பது என்பதைத் தாளிலேயே யோசித்தாக வேண்டும்.

அடுத்த அத்தியாயம்: நுரைச்சோலையின் 500 கதவுகள்.